திரௌபதையைக் கும்பிடுகிற ஊர் கடிதத்துக்குப் பயப்படுவதா?

வங்கியிலிருந்து பதிவுத் தபாலில் வந்த கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைக்காதீர்கள். எடுங்கள். உறையைக் கிழியுங்கள். இன்றைக்கே கிழியுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும் உங்கள் கையில் இருக்கிற ஆயுதங்களில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போகிறது.

புத்தளம் மாவட்டத்து உடப்பு மக்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முந்தல் களப்பும் டச்சுக் கால்வாயும். நடுவில் கிடக்கிற மணல் துண்டில் தலைமுறை தலைமுறையாக மொழியையும் தெய்வத்தையும் கைவிடாமல் நின்றவர்கள் நீங்கள். திரௌபதை அம்மன் திருவிழாவில் வெறுங்காலோடு தீக்குழியில் இறங்குகிறவர்கள். அம்பா பாடிக்கொண்டு கரைவலைக் கயிற்றைத் தோளில் வாங்கி, அலையோடு மல்லுக்கட்டி மடியைக் கரையேற்றுகிறவர்கள். அப்படிப்பட்ட உங்கள் வீட்டு வாசலில் வங்கி முத்திரை குத்திய ஓர் உறை வந்து விழுந்தால் கை நடுங்குவதா? அக்கா, அண்ணன், தம்பி, இந்த நடுக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்!

நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். கடனைக் கட்ட முடியாமல் போனதை நீங்கள் குற்றமாக நினைக்கிறீர்கள். ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று ஒளிகிறீர்கள். கடன் ஓர் ஒப்பந்தம். தவணை தவறுவது அந்த ஒப்பந்தத்தை மீறுவது, அவ்வளவுதான். அதற்கு வழி சிவில் வழக்கு. வீட்டுக் கடனோ தொழில் கடனோ தவணை தவறியதற்காக மட்டும் பொலிஸ்காரர் வந்து உங்களைப் பிடித்துக்கொண்டு போக முடியாது. வசூலிக்க வருகிறவர் அப்படி மிரட்டினால் நிமிர்ந்து நின்று, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: காசோலை. கணக்கில் பணமில்லை என்று தெரிந்தே எழுதிக்கொடுத்த காசோலை திரும்பினால், 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டம் அதைக் குற்றமாகவே பார்க்கிறது. ஆகவே வெற்றுக் காசோலையில் கையெழுத்து வைத்து யாரிடமும் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் அதைத்தான் முதலில் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

இந்தக் கரையில் கடன் எப்படி ஏறியது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து புத்தளம் மாவட்டத்து இறால் தொட்டிகளை அழித்தது. ஒரு பண்ணையின் கழிவு நீர் கால்வாயில் இறங்க, அதே கால்வாயிலிருந்து அடுத்த பண்ணை நீரை ஏற்ற, நோய் தொட்டிக்குத் தொட்டி பாய்ந்தது. இறால் செத்தது. வட்டி சாகவில்லை. பிறகு 2022. ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே அடியாகக் கொள்கை வட்டியை ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியது. எஞ்சின் பூட்டிய சிறு படகை வைத்துப் பிழைத்தவனுக்கு அன்றைக்கே கணக்கு உடைந்துவிட்டது. அது அவன் சோம்பலால் வந்த கடனா? ஊதாரித்தனத்தால் வந்ததா? இல்லவே இல்லை.

அதைவிட ஆழமான இன்னொன்று இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று எழும்பினால் மேற்குக் கரையில் கடல் கொதிக்கும், கரைவலை நிற்கும். உங்கள் வருமானம் ஆண்டில் பாதி மாதங்களில்தான் வருகிறது. வங்கித் தவணையோ பன்னிரண்டு மாதமும் வருகிறது. சம்பளக்காரருக்கு வெட்டித் தைத்த சட்டையைக் கடல்காரருக்கு மாட்டிவிட்டு, கை நுழையவில்லையே என்று கடல்காரரையே குறை சொல்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தைச் சரியாக எடுத்துச் சொல்லத் தெரிந்த சட்டத்தரணி கிடைத்தால் போதும், மீளக்கட்டும் அட்டவணையைப் பற்றி வங்கியோடு நேருக்கு நேர் பேசலாம். பேசத்தான் வேண்டும்.

இப்போது கடிதத்துக்கு வருவோம். அது எந்த வகைக் கடிதம் என்று தெரியாமல் பயப்படுவதுதான் பெரிய பயம். வெறும் நினைவூட்டல் கடிதம் ஒன்று. சட்டத்தரணி மூலம் வருகிற கோரிக்கைக் கடிதம் இன்னொன்று. கெடு கொடுத்து, கட்டாவிட்டால் வழக்கு என்று சொல்லும். நீதிமன்றத்திலிருந்து வருவது வேறு. வங்கியின் பணிப்பாளர் சபை உங்கள் காணியை ஏலம் போடத் தீர்மானித்துவிட்டது என்று வருவது முற்றிலும் வேறு.

நீதிமன்றக் கடிதத்தைப் பாருங்கள். மேலே சொன்ன 2ஆம் இலக்கச் சட்டத்தில் வங்கி சத்தியக் கடதாசியோடு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால், நீதிமன்றம் முதலில் ஒரு தற்காலிகத் தீர்ப்பை எழுதி உங்களுக்கு அனுப்பும். குறித்த நாளில் நீங்கள் வராவிட்டால் அது அப்படியே இறுகி முழுத் தீர்ப்பாகிவிடும். வந்தாலும் வாயால் அழுது முறையிட்டுப் பயனில்லை. உங்கள் எதிர்ப்பு என்ன, எந்த உண்மைகளை நம்பிச் சொல்கிறீர்கள் என்று தெளிவாக எழுதிய சத்தியக் கடதாசியை வைத்து, வாதாட அனுமதி கேட்க வேண்டும். தொகையைக் கட்டச் சொல்லியோ பிணை வைக்கச் சொல்லியோ நீதிமன்றம் நிபந்தனை போடலாம். முதற்பார்வைக்கே நிற்கக்கூடிய கேள்வி உங்கள் பக்கம் இருந்தால் நிலைமை மாறும். சத்தியக் கடதாசி எழுத நாள் வேண்டும், ஆவணம் வேண்டும், சட்டத்தரணி வேண்டும். வழக்கு நாளன்று காலை நீதிமன்ற வாசலில் நின்று ஆள் தேடுகிறவருக்கு இந்த மூன்றில் எதுவும் கிடைக்காது.

ஏலக் கடிதம் இன்னும் கடுமையானது. பராட்டே என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்குக் கொடுத்த அதிகாரம் அது. ஈடு வைத்த காணியை நீதிமன்றப் படி ஏறாமலே, பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் பேரில் விற்கலாம். உடப்புக்குப் பக்கத்தில் கால்வாய் வெட்டிய ஒல்லாந்தரின் காலத்துச் சட்ட மரபிலிருந்துதான் இதன் வேரும் வருகிறது. நீதிபதி முன்னால் உங்கள் கதையைச் சொல்லும் வாய்ப்பு இதில் தானாக வராது. நீங்கள்தான் போய்ப் பிடிக்க வேண்டும். ஆனால் வங்கிக்கும் படிகள் உண்டு. தீர்மானத்தை வர்த்தமானியிலும் மும்மொழி நாளிதழ்களிலும் போட வேண்டும், உங்களுக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். ஏல நாள், நேரம், இடம் பற்றிய அறிவித்தலை ஏலத்துக்குப் பதினான்கு நாளுக்குக் குறையாமல் முன்னதாக வெளியிட வேண்டும். ஏல நாளுக்கு முன் நிலுவையையும் செலவையும் கொண்டுபோய்க் கொடுத்தால் விற்க முடியாது. விற்றுக் கடனுக்கு மேல் மிஞ்சினால் அது உங்கள் பணம், உங்கள் கைக்கே வர வேண்டும். இத்தனையும் சட்டத்தில் இருக்கிறது! ஒரு படி தவறியிருக்கிறதா என்று பார்ப்பது சட்டத்தரணியின் வேலை. அவரிடம் நேரத்தோடு போவது உங்கள் வேலை. விற்பனைச் சான்றிதழ் எழுதப்பட்ட பிறகு போய் நின்றால் கெட்டிக்காரச் சட்டத்தரணியும் கையைப் பிசைவார்.

இந்தச் சட்டம் கல்வெட்டு அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். சிறு, நடுத்தர முயற்சியாளர்கள் திரண்டு குரல் கொடுத்தபோது 2024இல் திருத்தச் சட்டம் கொண்டுவந்து பராட்டே அதிகாரத்தைச் சில மாதங்களுக்கு நிறுத்தி வைத்தார்கள். பிறகு 2025 மார்ச் வரை நீட்டினார்கள். கடன் தொகை ஒரு வரம்புக்குக் குறைவாக இருந்தால் இந்த அதிகாரம் இல்லை என்றும் சட்டத்தில் உண்டு. ஆகவே சட்டத்தரணி முன் உட்கார்ந்ததும் உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: ஐயா, இன்றைய நிலையில் என் கடன் தொகைக்கு பராட்டே பாயுமா, பாயாதா? இந்தக் கேள்விக்குப் புத்தகத்தைத் திறந்து, திருத்தங்களைப் பார்த்துப் பதில் சொல்கிறவரை நம்புங்கள்.

இனி திரௌபதையிடம் வருகிறேன். ஆண்டுதோறும் உங்கள் கோயிலில் பாரதக் கதை கேட்கிறீர்கள். சபையில் இழுத்து வரப்பட்டவள் என்ன செய்தாள்? கண்ணீர் விட்டாள், கடவுளைக் கூப்பிட்டாள், எல்லாம் சரி. அதற்கு முன்னால் அவள் ஒரு சட்டக் கேள்வி கேட்டாள். என்னை வைத்து ஆடியவர் தன்னை முதலில் தோற்றாரா, என்னை முதலில் தோற்றாரா? தன்னையே தோற்றவருக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க உரிமை ஏது? அந்தச் சபையில் இருந்த பீஷ்மராலேயே அதற்கு நேர்ப் பதில் சொல்ல முடியவில்லை. பெரிய மனிதர்கள் நிறைந்த மண்டபத்தில், தலைமயிர் கலைந்த நிலையில், ஒரு பெண் எழுப்பிய கேள்வி அது. அந்தத் தாயைக் கும்பிடுகிற நீங்கள் வங்கி முகாமையாளரின் மேசைக்கு முன்னால் வாயடைத்து நிற்கலாமா?

அவள் கேட்ட கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. மருமகனின் தொழிலுக்கு மாமியார் தன் காணியை ஈடு வைக்கிறார். தம்பியின் படகுக்கு அக்கா வீட்டு உறுதியைக் கொடுக்கிறார். கடன் வாங்கியவர் ஒருவர், காணி இன்னொருவருடையது. கடன் வாங்காத அந்த மூன்றாம் ஆளின் காணியை வங்கி நீதிமன்றம் போகாமல் விற்கலாமா? இராமச்சந்திரன் எதிர் ஹற்றன் நஷனல் வங்கி வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம் 2006இல் பெரும்பான்மையாக, முடியாது என்றது. ஒருவர் துணிந்து கேட்ட கேள்வி நாடு முழுவதும் எத்தனையோ வீடுகளுக்குக் காவலானது. பிறகு 2011இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மூன்றாம் ஆளின் ஈடுகளையும் உள்ளே கொண்டுவந்தது. ஆகவே உங்கள் காணி எந்த ஆண்டு, யாருடைய கடனுக்கு, எந்த வாசகத்தோடு ஈடு வைக்கப்பட்டது என்பது ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க வேண்டிய விஷயம். எனக்குக் கடனே இல்லை, பிணைதானே நின்றேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். பழைய ஒல்லாந்தச் சட்ட மரபில், முதலில் கடன்காரனிடம் வசூலித்துப் பார், பிறகு என்னிடம் வா என்று சொல்லப் பிணையாளிக்கு உரிமை உண்டு. வங்கிப் பத்திரத்தில் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று சிறிய எழுத்தில் எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் ஒருவராவது அதைத் தமிழில் வாசித்துச் சொன்னார்களா?

சரி, சட்டத்தரணியை எங்கே பிடிப்பது? வங்கிச் சட்டத்தரணி என்று தனிப் பட்டமோ தனி அனுமதிப் பத்திரமோ இலங்கையில் இல்லை. உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து பதிந்த எவரும் சட்டத்தரணிதான். ஆனால் கொலை வழக்கில் சிங்கமாக முழங்குகிறவர் கடன் வழக்கின் சத்தியக் கடதாசியில் தடுமாறலாம். உங்களுக்கு வேண்டியவர் மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் வழக்குகளை, குறிப்பாக வங்கி வழக்குகளைக் கடன்காரர் பக்கம் நின்று நடத்துகிறவர்.

அவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். இதற்குப் பஸ் காசு மட்டும் போதும். பத்துளு ஓயாச் சந்திக்குப் போய் சிலாபம் பஸ்ஸையோ புத்தளம் பஸ்ஸையோ பிடியுங்கள். மாவட்ட நீதிமன்றத்தின் பின்வரிசையில் போய் உட்காருங்கள். திறந்த நீதிமன்றம் அது, யாரும் உட்காரலாம். வங்கி வழக்குகள் கூப்பிடும்போது யார் கடன்காரருக்காக எழுந்து நிற்கிறார், கோப்பைப் படித்துவிட்டு வந்தவர் யார், தவணை மட்டும் கேட்டுவிட்டு உட்காருகிறவர் யார் என்று பாருங்கள். ஒரு காலைப்பொழுதில் தெரிந்துவிடும். நீதிமன்ற வளவில் சுற்றிக்கொண்டு, நான் ஆள் பிடித்துத் தருகிறேன் என்று தோளில் கை போடுகிற தரகரைத் தாண்டிப் போங்கள்.

சந்திக்கும்போது மரியாதையோடு, ஆனால் கூச்சமில்லாமல் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். நீங்கள் இந்த வங்கியின் பேனலில் இருக்கிறீர்களா? சிறிய நகரங்களில் பல சட்டத்தரணிகள் ஏதாவது ஒரு வங்கிக்காக உறுதி எழுதுகிறவர்கள். அது தவறல்ல, ஆனால் எதிர்ப்பக்கத்துக்கு வேலை செய்கிறவர் உங்கள் பக்கம் நிற்க முடியாது. இங்கே நம்மவர்கள் பலர் ஏமாறுகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கடன் எடுக்கும்போது ஈட்டு உறுதி எழுதிய நொத்தாரிசுக்கு நீங்கள்தான் காசு கொடுத்தீர்கள். அதனால் அவர் உங்கள் சட்டத்தரணி ஆகிவிட மாட்டார். அவர் வங்கியின் பாதுகாப்புக்காக எழுதினார். உங்கள் பாதுகாப்புக்குப் படிக்க இன்னொரு கண் வேண்டும்.

கட்டணத்தை முதல் நாளே பேசுங்கள். ஆலோசனைக்கு எவ்வளவு, சத்தியக் கடதாசி எழுத எவ்வளவு, ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் எவ்வளவு, முத்திரைச் செலவு யாருடையது, கொழும்பில் வழக்கு என்றால் அங்கே போய்வர எவ்வளவு. தாளில் எழுதி வாங்குங்கள், கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மானமுள்ள சட்டத்தரணி இதற்குக் கோபிக்க மாட்டார். நீதிமன்றத்தில் உங்கள் சார்பில் பதிவாகும் சட்டத்தரணி ஒருவராகவும், எழுந்து வாதாடுகிறவர் இன்னொருவராகவும் இருக்கலாம். பிறாக்சி என்கிற நியமனப் பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அறிவித்தல்கள் அவருக்குத்தான் போகும். உங்கள் தொலைபேசி எண் மாறினால் முதலில் அவருக்குச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் எவருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள், உங்கள் சட்டத்தரணிக்கும்கூட.

வெறுங்கையோடு போகாதீர்கள். கடன் அனுமதிக் கடிதம், ஈட்டு உறுதியின் பிரதி, வங்கிக் கூற்று, கட்டிய துண்டுகள், வந்த கடிதங்கள் உறையோடு. உறை முக்கியம், தபால் முத்திரைத் தேதி சில நேரம் வழக்கையே திருப்பும். காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் பதிவேட்டுப் பிரதியை எடுங்கள், என்னென்ன பாரம் ஏறியிருக்கிறது என்று அதில் தெரியும். கடன் தகவல் பணியகத்தில், நாம் கிறிப் என்கிறோமே, அங்கே உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கலாம். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவை என்று கிடந்தால் திருத்தச் சொல்லலாம். மூலப் பத்திரங்களை வீட்டில் பத்திரமாக வைத்து, பிரதிகளைக் கொடுங்கள். எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி ஒரே கோப்பில் போட உயர்தரம் படிக்கிற உங்கள் மகளால் முடியும். அவளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்!

உண்மையை முழுதாகச் சொல்லுங்கள். எடுத்த காசில் பாதியைக் கல்யாணத்துக்குச் செலவழித்தீர்களா, சொல்லுங்கள். வேறு இடத்தில் வட்டிக்கு எடுத்திருக்கிறீர்களா, சொல்லுங்கள். தொழில்முறையில் சட்டத்தரணியிடம் சொன்னதை அவர் வெளியே சொல்லாதபடி சாட்சியக் கட்டளைச் சட்டம் காக்கிறது. மறைத்த உண்மை எதிர்த்தரப்பின் வாயிலிருந்து வரும்போது உங்கள் சட்டத்தரணியின் காலடி மண்தான் சரியும்.

நல்ல சட்டத்தரணியிடம் எதை எதிர்பார்க்கலாம்? மந்திரத்தை எதிர்பார்க்காதீர்கள். கடனையே இல்லாமல் ஆக்கித் தருகிறேன் என்கிறவர் உங்களிடம் மிஞ்சிய காசையும் கரைப்பார். நேர்மையானவர் முதல் நாளே முகத்துக்கு நேரே சொல்வார்: வாங்கிய கடன் கட்டத்தான் வேண்டும். எவ்வளவு, எப்போது, எந்த வட்டியில் என்பதில்தான் போராட்டம். தண்ட வட்டியை விட்டுத்தரக் கேட்கலாம். தவணைகளைக் கடல் பருவத்துக்கு ஏற்ப மாற்றக் கேட்கலாம். காணியின் ஒரு பகுதியை வங்கியின் சம்மதத்தோடு நீங்களே நல்ல விலைக்கு விற்று அடைக்கக் கேட்கலாம்; ஏலத்தில் போகிற விலையைவிட அது எவ்வளவோ மேல். வழக்கு நடக்கும்போதே இணக்கத்துக்கு வந்து அதை நீதிமன்றத்தில் பதியலாம். 2024இல் மத்திய வங்கி ஒவ்வொரு வங்கியிலும் நலிந்த தொழில்களை மீட்கத் தனிப் பிரிவு அமைக்கச் சொன்னது. உங்கள் கிளையில் போய், அந்தப் பிரிவுக்கு என் விண்ணப்பத்தை எழுத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். பதிலையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்ன வாக்குறுதி முகாமையாளர் இடம் மாறினால் அவரோடு போய்விடும்.

மொழி! இதைத்தான் உரக்கச் சொல்ல வேண்டும். புத்தளம் மாவட்டம் வடக்கு கிழக்குக்கு வெளியே. இங்கே நீதிமன்ற நடவடிக்கை சிங்களத்தில் நடக்கும். அதைக் கண்டு பாதி வழக்கை நாம் வாசலிலேயே தோற்கிறோம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையைக் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்காளி தன் வழக்கைத் தமிழில் தொடங்கலாம், தமிழில் ஆவணம் கொடுக்கலாம், தமிழில் பங்கெடுக்கலாம். நீதிமன்ற மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பை அரசு தர வேண்டும். 1988இன் பதினாறாம் திருத்தம் எழுதி வைத்த உரிமை இது, நாடு முழுவதுக்கும். யாருடைய கருணையும் அல்ல. புரியாத போது தலையாட்டாதீர்கள். எழுந்து நின்று, எனக்குத் தமிழில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். பக்கத்தில் நிற்கிறவர் சட்டையைப் பிடித்து இழுப்பார், பேசாமல் இரு என்பார். இழுக்கட்டும். கேளுங்கள்!

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லையா? 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தில் பிறந்த சட்ட உதவி ஆணைக்குழு எதற்கு இருக்கிறது? நீதிமன்றங்கள் இருக்கிற பல நகரங்களில் அதன் நிலையங்கள் இருக்கின்றன. குறைந்த வருமானம் என்று காட்டினால் ஆலோசனையும், தகுதி இருந்தால் வழக்காடச் சட்டத்தரணியும் கிடைக்கும். கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு போங்கள். வங்கி தவறாக வட்டி போட்டிருக்கிறது, முறைகேடாக நடந்தது என்றால் முதலில் வங்கிக்கே எழுத்தில் முறையிடுங்கள். பதில் சரியில்லையா, மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, 1935க்கு அழைக்கலாம். நிதியியல் குறைகேள் அதிகாரி இருக்கிறார், அவருக்குக் கட்டணம் இல்லை. சிறு தொகைத் தகராறு மத்தியஸ்த சபைக்குப் போனால் அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது. நீங்களேதான் பேச வேண்டும். அதற்கு முந்தின நாள் சட்டத்தரணியிடம் போய் எதை ஒப்புக்கொள்ளலாம், எதில் கையெழுத்துப் போடக்கூடாது என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

நுண்கடன் எடுத்த தங்கைமாருக்குத் தனியாக ஒரு சொல். குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுத்து, ஒருத்தி தவறினால் மற்றவர்களை அவள் வீட்டு வாசலில் உட்கார வைத்து அவமானப்படுத்தும் வித்தையை இந்த நாடு முழுவதும் பார்த்துவிட்டோம். 2021இல் இங்குராக்கொடையில் கடன்பட்ட பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சிங்களப் பெண்கள், உங்களைப் போலவே விதவைகள், கூலிக்காரிகள், தாய்மார். அவர்கள் வெட்கத்தை வீதிக்குக் கொண்டுவந்து போட்டார்கள், அது கோபமாக மாறியது. உங்களைச் சேர்த்த அந்தக் குழுவையே உங்களுக்கான படையாக்குங்கள். ஆறு பேர் சேர்ந்து ஒரு சட்டத்தரணியிடம் போனால் செலவு ஆறில் ஒன்று, துணிச்சல் ஆறு மடங்கு. இரவில் வீட்டுக்கு வந்து கத்துகிறவரின் பெயர், நிறுவனம், நேரம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். எழுதுவதைக் கண்டாலே குரல் இறங்கும்.

இன்னொரு வேலை இருக்கிறது; நீண்ட வேலை. கரைவலை என்றால் என்ன, பாடு யாருடையது, சம்மாட்டிக்கும் வலை இழுக்கிறவருக்கும் பங்கு எப்படிப் பிரிகிறது, வாடியில் காய்கிற கருவாட்டுக்கு எந்த மாதம் விலை என்று எதுவும் தெரியாத ஒருவரிடம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி, அவர் அதை ஆங்கிலத்தில் எழுதி, இன்னொருவர் சிங்களத்தில் பெயர்த்து, நீதிபதி முன்னால் போகும்போது உங்கள் வாழ்க்கையில் பாதி உதிர்ந்து போகிறது. இதற்கு மருந்து உங்கள் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. உயர்தரத்தில் கலைப் பிரிவு எடுத்த பிள்ளையை, கலை படித்து என்ன கிடைக்கும் என்று கேட்டுக் கேட்டு நோகடிக்காதீர்கள். சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு அனுப்புங்கள். அங்கே பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்த வேண்டும் என்று கொண்டுவந்த விதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் தோற்கடித்தது. அதே நேரம் அந்தப் பிள்ளை ஆங்கிலமும் சிங்களமும் வெறியோடு படிக்கட்டும். வங்கிப் பத்திரம் ஆங்கிலத்தில்தான் வருகிறது, நீதிமன்றம் சிங்களத்தில்தான் பேசுகிறது.

ஊரே சேர்ந்து ஒரு பெண்ணை, ஒரு பையனைப் படிக்க வைக்க முடியாதா? பதினெட்டு நாள் திருவிழாவைப் பிசகில்லாமல் நடத்துகிற ஊருக்கு நான்கைந்து ஆண்டுப் படிப்புச் செலவு பெரிதா? அந்தப் பிள்ளை கறுப்பு மேலங்கியோடு சிலாபம் நீதிமன்றத்தில் எழுந்து நின்று, மே மாதம் முதல் கடல் எங்களுக்கு மூடிக் கிடக்கும், அந்த மாதங்களின் தவணையைப் பருவத்துக்குத் தள்ளி அட்டவணை போட வங்கி இணங்க வேண்டும் என்று வாதாட வேண்டும். அதுவரைக்கும் இப்போது இருக்கிற சட்டத்தரணிகளில் உங்கள் கடலைப் புரிந்துகொள்ள விருப்பமுள்ள ஒருவரைத் தேடிப்பிடித்து, ஒரு நாள் விடியற்காலையில் கரைக்கு அழைத்துவந்து வலை இழுப்பதைக் காட்டுங்கள். சத்தியக் கடதாசியில் அவர் எழுதுகிற ஒவ்வொரு வரியும் அதற்குப் பிறகு வேறு மாதிரி இருக்கும்.